ஆட்சேபணை இல்லை

1

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் தீவு ஊரான ரங்கத்தின் மின்நிலையத்து ஜெனரேட்டர்கள் நின்றன. பள்ளிக்கு விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன்.

அந்த மின்நிலையத்துக்குப் பின்புறம் உள்ள ஆசிரியர் குடியிருப்பில் இருபத்திரண்டு வருடமாக வசிக்கிறேன். டீசல் எஞ்சின்களின் உறுமல் நிற்கிறதென்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கை தானாக மெழுகுவர்த்தி இருக்கும் இழுப்பறைக்குப் போகும். அன்றும் போனது. ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சற்றுநேரம் கழித்துத்தான் விளங்கியது. ஊருக்கு வெளியே போட்ட சூரிய மின்நிலையம் அன்றைக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இனிப் பகலுக்குச் சூரியன், இரவுக்கு டீசல்.

சந்தோஷமான சேதி. யாரிடமாவது சொல்லத் தோன்றியது. என் கணவர் கார் நிக்கோபாரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்க்கிறார். அவருக்குப் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மகள் மதுமிதா புனேயில் படிக்கிறாள். அவள் வகுப்பில் இருப்பாள். பக்கத்து வீட்டு வங்காளி டீச்சர் விடுப்பில் கல்கத்தா போயிருந்தார். சுவர்க்கடிகாரம் ஓடும் ஓசை வீட்டுக்குள் கேட்டது. இத்தனை வருடத்தில் அன்றுதான் அதைக் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தபோது, லெட்சுமி அக்காவைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. மெயின்லேண்டில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அவரைத் தெரியாது. என்னைத் தெரிந்த சிலர் கோவில்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கலாம்.

2

தமிழாசிரியை வேலைக்கு ஆணை வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் கப்பல் ஏறி மூன்று இரவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பிறகு கல்யாணம், பிள்ளை. திரும்புவதைப் பற்றிப் பேசுவது மெல்ல மெல்ல நின்றுபோனது.

வந்த புதிதில் என் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது ஒன்பது பேர். அவர்களும் வீட்டில் தமிழ், வெளியே இந்தி, என்னிடம் இரண்டும் கலந்தது. "டீச்சர், பென்சில் கிர் கயா" என்பான் ஒருவன். பென்சில் விழுந்துவிட்டது என்று தமிழில் சொல்லச் சொன்னால் யோசிப்பான். என் மகளே அப்படித்தான் வளர்ந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இந்தியில் பதில் சொல்வாள். எங்கள் இருவருக்கும் அதில் சண்டை ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வாசல் மாதிரி ஆளுக்கு ஒன்றில் போய்வந்தோம்.

போன வருடம் மழை விட்ட நேரம், உதவி ஆணையர் அலுவலகத்திலிருந்து பியூன் பள்ளிக்கு வந்தார். சூரிய மின்நிலையத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள், தோட்டத் தமிழர்களுக்காக யாராவது மொழிபெயர்க்க வேண்டும், சாப் உங்களைக் கூப்பிடுகிறார் என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன். இத்தனை வருடத்தில் அரசாங்கம் என் தமிழைத் தேடி வந்தது அந்த ஒரு முறைதான். இரண்டு நாள் உட்கார்ந்து வார்த்தைகள் தேடினேன். புதுப்பிக்கத்தக்க ஆற்றல், கரிம உமிழ்வு, பசுமை வளர்ச்சி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி உருப்போட்டுக்கொண்டு, ஊரில் எடுத்த கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

3

சமுதாயக் கூடத்தில் கூட்டம். உதவி ஆணையர் வடக்கே எங்கோ பிறந்தவர், முப்பது வயதுகூட இருக்காது. அவர் நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அவரைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்குச் சௌகரியம், ஆனால் அது நியாயமில்லை.

"இந்தத் தீவில் எரிகிற ஒவ்வொரு சொட்டு டீசலும் கப்பலில் வருகிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை, கப்பல் இல்லையென்றால் கரண்ட் இல்லை" என்று இந்தியில் ஆரம்பித்தார். "கடல் சூடாகிறது, பவளப்பாறை வெளுக்கிறது, மீன் தள்ளிப் போகிறது. புகையைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்காக உங்கள் பிள்ளைகளை இருட்டில் உட்காரவைக்கவும் என்னால் முடியாது. ஐஸ் ஃபேக்டரி வர வேண்டும், வேலை வர வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் எனக்கு ஒரு சமதரை வேண்டும். காட்டில் ஒரு மரத்தைக்கூட வெட்ட விடமாட்டேன்."

காட்டை விட்டால் ரங்கத் பக்கம் சமதரை எங்கே இருக்கிறது? ஓடைக்கரையில் பதினோரு குடும்பங்கள் வாழை, கத்தரி, பாக்கு போட்டு வைத்திருந்த இடம்தான். எல்லாரும் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது. காட்டைக் காக்கச் சட்டம் இருந்தது. அவர்களுடைய கத்தரித் தோட்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

நான் மைக்கைப் பிடித்து மொழிபெயர்த்தேன். "இது பசுமை வளர்ச்சித் திட்டம்" என்று சொன்னதும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்தார்.

"பசுமையாத்தானே இருக்கு டீச்சர். அதையேன் வெட்டுறீங்க?"

கூடமே சிரித்தது. உதவி ஆணையர் என்னவென்று கேட்க, நான் விளக்க, அவரும் சிரித்தார். அந்த அம்மாள்தான் லெட்சுமி அக்கா. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. ரப்பர் பால் வெட்டியே விரல்கள் கறுத்துப் போயிருந்தன. இலங்கையில் ஹட்டன் பக்கத்து லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர்.

சிரிப்பு அடங்கியதும் அவர் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"கரண்டு வேணாம்னு நாங்க சொல்லலீங்க ஐயா. சூரியன்ல வர்றது நல்லதுதான். ஆனா எங்களத் திரும்பவும் ஒரு எடத்துக்கு ஏத்தி அனுப்பிடாதீங்க. சின்னப்புள்ளயில ராமேஸ்வரத்துக்கு ஏத்துனாங்க. கேம்ப்புல இருந்து மெட்ராசுக்கு, அங்கயிருந்து கப்பல்ல தீவுத் தோட்டத்துக்கு. கடல் பொங்கி லயம் போனப்ப அங்கயிருந்து இங்க. நாலு தடவ. வர்றியான்னு ஒருத்தரும் கேக்கல. இந்தத் தடவயாச்சும் கேட்டுட்டுச் செய்ங்க."

நான் உதவி ஆணையர் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னேன்: "இவர்கள் மின்சாரத்துக்கு எதிராக இல்லை, சார். சூரிய சக்தி நல்லது என்கிறார்."

அடுத்ததைச் சொல்ல மூச்சை இழுத்தேன். 'ஏத்தி அனுப்புவது' என்பதற்கு ஏற்ற இந்தி வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பஹுத் அச்சா!" என்று கைதட்டினார். மேடையில் எல்லாரும் தட்டினார்கள். பின்னால் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்கின. லெட்சுமி அக்காவுக்குக் கடைத்தெரு இந்தி தெரியும், மேடை இந்தி தெரியாது. தான் பேசிய முழுவதற்கும்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து மேடையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்போதுகூட மைக் என் கையில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கூட்டத்தைக் கெடுப்பானேன், தனியாக அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "வெரி குட், மேடம்" என்றார் உதவி ஆணையர். மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

தனியாகச் சொல்லவே இல்லை.

4

அந்த வாரம் மகள் பேசியபோது கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மதுமிதாவுக்குச் சுற்றுச்சூழல்தான் படிப்பு. கைதட்டல் வரைக்கும்தான் அவளிடமும் சொன்னேன்.

"மம்மி, திஸ் இஸ் குட் நியூஸ் நா! டீசல் பந்த் ஹோனா ஹி சாஹியே" என்றாள். டீசல் நிற்கத்தான் வேண்டும் என்கிறாள். மீதியையும் இந்தியில்தான் சொன்னாள். "புயல் சமயத்துல நாலு நாள் கரண்ட் இல்லாம நீங்கதான போன்ல அழுதீங்க?"

அழுதது உண்மை. அவள் சொன்னதில் எதுவும் தப்பில்லை.

"அங்க இருக்கிறவங்களுக்கு என்ன குடுக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"மாத்து இடம் தருவாங்க."

"அப்ப சரி."

இரண்டு சொல்லில் முடிந்தது. லைனும் போய்விட்டது. நான் அவளுடைய வயதில் எங்கள் ஊரில் இதே மாதிரி 'அப்ப சரி' சொன்னவள்தான். அப்போது எங்கள் கரிசல் காட்டில் காற்றாலை போட வந்தார்கள். அப்பாவின் பெயரில் பட்டா இருந்தது, கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுக்குக் காரை போட்ட மாடி வந்தது, நான் பி.எட். படித்தேன். அதே காட்டில் தலைமுறையாக ஆட்டுக்கிடை போட்டு வந்த ஒரு குடும்பம் உண்டு. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பில் படித்தாள். வேலி போட்ட பிறகு அவளைப் பார்க்கவில்லை. எங்கே போனார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அந்தக் காற்றாலைகள் இன்றைக்கும் சுற்றுகின்றன, அவற்றால் நாட்டுக்கு நன்மைதான். அந்தப் பெண்ணின் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவில்லை.

5

மூன்று மாதம் கழித்து, மதிய இடைவேளையில் லெட்சுமி அக்கா பள்ளிக்கு வந்தார். முந்தானைக்குள் ஒரு நீளக் கவர்.

"கவர்மெண்டுல இருந்து வந்திருக்கு டீச்சர். இந்தியிலயும் இங்கிலீசுலயும் எழுதியிருக்கு. செத்தப் படிச்சுச் சொல்லுங்க. தோட்டத்துக்குப் பட்டாவா இருக்குமான்னு மகன் கேக்குறான்."

பிரித்தேன். இரண்டு தாள். முதலாவது காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு: பதினோரு குடும்பங்களுக்கும் திக்லிபூருக்கு அப்பால் மாற்று நிலம். திக்லிபூர் வடக்குக் கோடி. இங்கிருந்து பஸ்ஸில் போனால் பாதி நாள் போய்விடும். இரண்டாவது தாள் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. அதில் ஏழாவது வரி: 'தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் பேசிய பெண்மணி திட்டத்தை வரவேற்றார். ஆட்சேபணை இல்லை.'

படித்துக்கொண்டிருந்த என் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தமிழில் சொன்னேன். முழுதாகச் சொன்னேன்.

பிள்ளைகள் வெளியே இந்தியில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் இப்பிடியா டீச்சர் சொன்னேன்?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் பாதியோட நிறுத்திட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாள்களை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, கவருக்குள் போட்டார்.

"பரவால்லீங்க. ஒங்களுக்கும் உத்தியோகம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாக்கியத்தை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

6

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகம் போனேன். நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்த எழுத்தர் பிஸ்வாஸ் பாபு எனக்குப் பழக்கமானவர். அவர் மகன் என்னிடம் தமிழ் படித்திருக்கிறான். குறிப்பைத் திருத்த வேண்டும் என்றேன். கோப்பை எடுத்து வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை புரட்டினார்.

"மேடம், ஆப் கா நாம் தோ இஸ் மே ஹை ஹி நஹீ."

என் பெயரே அதில் இல்லையாம். மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரைப் பதிவே செய்யவில்லை. அங்கே இல்லாதவள் எப்படித் திருத்தம் கேட்க முடியும்? பேசிய அம்மாள் கேட்கலாம், ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும், பதினைந்து நாளைக்குள் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. பாபு இதையெல்லாம் வருத்தத்தோடுதான் சொன்னார், டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். லெட்சுமி அக்கா பேசியதை அவர் பேசியபடியே தமிழில் எழுதி, கீழே இந்தி, அதற்குக் கீழே ஆங்கிலம். 'மொழிபெயர்ப்பில் நேர்ந்த விடுபடலுக்கு நானே பொறுப்பு' என்று கடைசியில் எழுதிக் கையெழுத்திட்டேன். தலைமையாசிரியர் படித்துப் பார்த்து, "நீங்களே கல்லைத் தூக்கிக் கால்ல போட்டுக்கிறீங்க" என்றார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவது தடவை நேரில் போனேன். மூன்றாவது தடவைதான் உதவி ஆணையரைப் பார்க்க முடிந்தது.

அவர் மனுவை முழுதும் படித்தார். கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார்.

"அன்றைக்கே சொல்லியிருந்தால் வரைபடத்தையே வேறு மாதிரிப் போட்டிருப்பேன், மேடம். மார்ச்சுக்குள் இடத்தை ஒப்படைக்காவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும். போனால் இந்த ஊர் இன்னும் எத்தனை வருடம் டீசல் குடிக்கும் என்று எனக்கே தெரியாது. என்ன செய்யட்டும்?"

"ஒருதடவை அவங்களைப் போய்ப் பாருங்க, சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடை மைக் எதுவும் இல்லாமல், ஓடைக்கரையில் வாழைகளுக்கு நடுவே நின்று கேட்டார். இந்த முறை நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். திரும்பிப் போய்ப் பொறியாளர்களுடன் உட்கார்ந்து கொஞ்சம் சூரிய மின்பலகைகளை எங்கள் பள்ளிக் கூரைக்கும் சந்தைக் கூரைக்கும் மாற்றினார். வேலி உள்ளே தள்ளிப் போனது. நான்கு குடும்பங்கள் தப்பின. மீதி ஏழு குடும்பங்களின் நிலம் வேலிக்குள்ளேயே இருந்தது. அதில் ஒன்று லெட்சுமி அக்காவுடையது.

என் மனு கோப்பில் இணைப்பாகச் சேர்க்கப்பட்டது என்று பிஸ்வாஸ் பாபு சொன்னார். ஏழாவது வரி அப்படியேதான் இருக்கிறது.

லாரியில் சாமான் ஏற்றிய அன்று நான் போனேன். லெட்சுமி அக்கா ஒரு வாழைத்தாரை என் கையில் கொடுத்தார். "பழுக்க வச்சுச் சாப்பிடுங்க" என்றார். வீட்டில் ஒரே ஆள், ஒரு தார் பழம். பாதிக்கு மேல் பக்கத்து வீடுகளுக்குத்தான் போனது.

7

ஜெனரேட்டர் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, விடிகாலை பஸ்ஸைப் பிடித்துத் திக்லிபூர் போனேன். வழியெல்லாம் காடு, நடுவே ஒரு கடற்கழி. இறங்கி, அங்கிருந்து ஆட்டோ, பிறகு கொஞ்சம் நடை.

ஏழு தகரக்கூரை வீடுகள். மண் நல்ல மண்ணாகத்தான் இருந்தது. பாக்குக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. வீட்டு வாசல் வரைக்கும் மின்கம்பம் நட்டிருந்தார்கள். கம்பி இன்னும் இழுக்கவில்லை.

"வாங்க டீச்சர்" என்று லெட்சுமி அக்கா உள்ளேயிருந்து வந்தார். இளைத்திருந்தார். மகன் ஒரு வங்காளிப் பெண்ணைக் கட்டியவன். அந்த மருமகள் பாய் போட்டுவிட்டு டீ போடப் போனாள். லெட்சுமி அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து காட்டினார். பட்டா. அவருடைய பெயரில்.

"ஒங்க பேருதாங்க்கா."

"மருமகளும் அதத்தான் சொன்னா. இருந்தாலும் ஒங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு."

ரங்கத்தில் சூரிய கரண்ட் வந்துவிட்டதா என்று அவரே கேட்டார். வந்துவிட்டது என்றேன். "ஒங்களுக்கு இனி மெழுகுவத்தி வேணாம்" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் சிரமமாக இருந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மலைப்பக்கம் உல்லாசப் பயணிகளுக்கு ஏதோ விடுதி கட்டப்போகிறார்களாம். வேலை கிடைக்கும் என்கிறார்கள். அதற்குப் போகும் ரோடு இந்தப் பாக்குக் கன்றுகள் வழியாக வரலாமாம். அடுத்த மாதம் கூட்டம்.

"நான் வர்றேங்க்கா" என்றேன். "லீவு போட்டுட்டு வர்றேன். முழுசா சொல்றேன்."

"வேணாம் டீச்சர்." அவர் சட்டென்று சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவு தூரம் எதுக்கு வந்து செரமப்படுறீங்க? நானே பேசிக்கிறேன். மருமககிட்ட இந்தி கத்துக்கிட்டு இருக்கேன்."

டீயை ஆற்றிக்கொண்டே வந்த மருமகள் சிரித்தாள். லெட்சுமி அக்கா பாயிலிருந்து எழுந்து நின்றார். கூடத்தில் நின்ற அதே மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டார்.

"சாப், ஹம் லோக் நா நஹீ போல்தா. ஹம் கோ பூச்கே கரோ." ஐயா, நாங்க வேணாம்னு சொல்லல, எங்களக் கேட்டுட்டுச் செய்ங்க.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சரியா டீச்சர்?"

இலக்கணப்படி அதில் இரண்டு பிழை இருந்தது. அதிகாரியிடம் 'கரோ' என்று சொல்லவும் கூடாது. 'கீஜியே' என்பதுதான் மரியாதை.

"சரியா இருக்குக்கா" என்றேன். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னார்.